வயிற்றில் வைக்காத கை

மார்ச் 3, செவ்வாய்

என் நெட்டைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள். நான் நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. அவர் போய் இன்றோடு இருபத்து நான்கு நாள்.

போனில் உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. "ரவுண்ட்ஸ் போறேன்டி, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறதோ, வந்து சேர மாட்டேன் என்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என் வீட்டில்தான் சாப்பாடு உனக்கு. அவர் போன பிறகு ஒரே ஒரு முறை வந்தாய், அதுவும் வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் சீட்டு கொடுத்துக்கொண்டோமே, அதற்கு அப்புறம் இப்போதுதான் உனக்கு எழுதுகிறேன். காகிதம் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடாது பார்.

கடையைத் திறந்துவிட்டேன். பள்ளிச் சீருடை நாற்பது உருப்படி தைக்க வேண்டும், சும்மா உட்கார முடியாது. வருகிறவர்கள் எல்லோரும் அளவு கொடுக்கும்போது மெதுவாகக் கேட்கிறார்கள், எப்படிப் போனார் என்று. "ஹார்ட் அட்டாக்" என்கிறேன். வாய் சொல்கிறது, மனசு கேட்க மாட்டேன் என்கிறது. நாலு நாளாக முதுகைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனுஷன் ஒரு தடவைகூட நெஞ்சைப் பிடிக்கவில்லையே!

அன்றைக்கு அவசரப் பிரிவு வாசலில் அந்தச் சின்ன டாக்டர் பெண் வந்து கேட்டாளே, "காரணம் உறுதியா தெரியலைம்மா, போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பாக்க சம்மதிப்பீங்களா?" என்று. நீ என் கையைப் பிடித்து, "வேணாம்டி, போனவரை எதுக்கு அறுக்கணும்" என்றாய். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் போட்டேன், தெரியுமா? அன்றைய பேச்சை இல்லை. இருபது வருடமாக என் சாப்பாட்டு மேஜையில் நீ பேசிய பேச்சை. "செத்தவங்க பொய் சொல்ல மாட்டாங்கடி. நாங்க ஒண்ணு நெனச்சிருப்போம், திறந்து பாத்தா வேற ஒண்ணு இருக்கும். குடும்பத்தாரு ஒத்துக்கிட்டாதானே நாங்க கத்துக்க முடியும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய். ஒத்துக்கொள்ளாத குடும்பத்தாரிடம் பேசுவதற்கு உன் ஆஸ்பத்திரியில் உன்னைத்தானே அனுப்புவார்கள்? என்னிடம் மட்டும் ஏன் வேண்டாம் என்றாய் என்று எனக்கு விளங்கவில்லை. சரி, துக்கத்தில் சொல்லியிருப்பாய்.

ரிப்போர்ட் வந்துவிட்டதா? வந்தால் சொல். உடனே பதில் போடு.

உன் வாயாடி


மார்ச் 9

என் அருமை வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நர்ஸ் ஒருத்தி, "மேடம், என்னாச்சு?" என்று ஓடி வந்தாள். என் கோபக்காரி எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன்.

வரவில்லை என்று கோபிக்காதே. முப்பது படுக்கை வார்டு, இரண்டு நர்ஸ்கள் விடுப்பில், மேலே இருக்கிற பெரிய டாக்டர் ஜூனில் ஓய்வு பெறப்போகிறார் என்பதால் இப்போதே எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். நீ தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டில் பொத்தான் அறுந்து தொங்குகிறது, அதைத் தைக்கக்கூட எனக்கு நேரமில்லை. அவர் இல்லாத வீட்டுக்குள் வரக் கால் கூசுகிறது, அதுவும் உண்மை. என்னை வாய் நிறைய தங்கச்சி என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? உனக்குப் புருஷன் போனார், எனக்கு அண்ணன் போனார்.

ரிப்போர்ட் இன்னும் என் கைக்கு வரவில்லை. வந்ததும் நானே படித்துவிட்டு உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நீ அதைக் கேட்டு அலையாதே. இதயம் இத்தனை கிராம், கல்லீரல் இத்தனை கிராம் என்று கறிக்கடைக் கணக்கு மாதிரி எழுதியிருப்பார்கள். அவரை அப்படியா நீ நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்? கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார் என்று மனதைத் தேற்றிக்கொள்.

தூக்கம் வரவில்லை என்று உன் முகமே சொன்னது. மாத்திரை அனுப்பியிருக்கிறேன், பாதி போட்டால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு.

எப்போதும் உன்,
நெட்டை


மார்ச் 16

நெட்டை,

மாத்திரை வந்தது. அட்டையைப் பிரிக்கவில்லை.

இன்று காலை கடையைச் சாத்திவிட்டு உன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னைப் பார்க்க இல்லை. பின்பக்கம் பதிவேட்டு அறை இருக்கிறதே, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு கிளார்க், அவரிடம். போன அன்றைய தேதியைச் சொல்லி, ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டேன். மனுஷன் நோட்டைப் புரட்டினார். "பிப்ரவரி இருபத்தேழே வந்துடுச்சேம்மா. டாக்டரம்மா வாங்கிட்டுப் போயிட்டாங்க." எந்த டாக்டரம்மா என்றேன். நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உன் கையெழுத்து. அந்த வாலை இழுத்துவிடுகிற கையெழுத்தை நான் எட்டாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன், அதற்கு மேல் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி இருபத்தேழு. நீ எனக்கு எழுதியது மார்ச் ஒன்பது. "இன்னும் என் கைக்கு வரவில்லை." எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? எனக்கு அண்ணன் போனார் என்று எழுதின அதே பேனாவா?

கிளார்க் நல்ல மனிதர். மனைவி என்று அடையாள அட்டை காட்டி மனு எழுதிக் கொடுத்தால் பத்து நாளில் நகல் தருவார்களாம். அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ரிப்போர்ட்டில் என்னதான் இருக்கிறது? அது என் கைக்கு வருவதற்குள் நீ சொல்லிவிட்டால் நல்லது. சாக்குப்போக்கு வேண்டாம், சமாதானம் வேண்டாம். என்ன இருக்கிறது என்று மட்டும் எழுது.

வாயாடி


மார்ச் 20

வாயாடி,

உனக்கு எழுதி எழுதிக் கிழித்தது ஏழு தாள். இது எட்டாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

ஹார்ட் அட்டாக் இல்லை. அவர் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் ஒன்று உண்டு. இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டியது, அவருக்கு ஏழு சென்டிமீட்டருக்கு உப்பியிருந்திருக்கிறது. அது கசிந்து கசிந்துதான் முதுகு வலித்திருக்கிறது. சனிக்கிழமை வெடித்துவிட்டது. சிறுநீரகம் இரண்டையும் திறந்து பார்த்திருக்கிறார்கள். கல் இல்லை.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது என் எதிரே ஒரு நோயாளி இருமிக்கொண்டிருந்தார். "இடது பக்கம் முதுகுல ஆரம்பிச்சு இடுப்புக்கு இறங்குதாம். அதே கல்லுதான் போல" என்றாய். ஐந்து வருடத்துக்கு முன்பு அவருக்குக் கல் வந்து நான்தானே பார்த்தேன்? "நிறைய தண்ணி குடிக்கச் சொல்லு, பழைய மாத்திரையையே குடு" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வியாழன் சாயங்காலம் வீட்டுக்கே வந்தேன். நாற்காலியில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். "என்ன அண்ணே, டிரைவர் வேலையில ரிட்டையர் ஆகியும் ஸ்டியரிங்கை விட மாட்டீங்களா?" என்று கேலி செய்தேன். சிரித்தார். நெற்றியில் வியர்வை இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை குளியலறையில் மயங்கி விழுந்தார் என்று நீ சொன்னபோதும், "தண்ணி பத்தலடி" என்றுதான் சொன்னேன். ஒன்று நினைத்துவிட்டேன், அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

அறுபதைத் தாண்டிய ஆண், வருடக்கணக்காகப் புகை பிடித்தவர், முதுகு வலி என்று வந்தால் முதலில் படுக்க வைத்து வயிற்றில் கையை வை என்று மாணவர்களிடம் கத்துகிறவள் நான். மெலிந்த உடம்பு அவருக்கு. கை வைத்திருந்தால் உள்ளே துடிப்பது கைக்குத் தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. வேறு யாராக இருந்தாலும் செய்திருப்பேன். ஏன் செய்யவில்லை என்று கேட்பாய். கூச்சம்டி. உன் வீட்டுக்காரர். நான் உள்ளே வந்தால் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்கிற மனிதர். நீ சமையலறையில் இருக்கும்போது, அவரைப் படுங்கள், சட்டையைத் தூக்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பின் தெரியாதவர் பிழைத்திருப்பார். அண்ணன் என்பதால் போய்விட்டார்.

அவசரப் பிரிவில் அவரைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வயிறு உப்பியிருந்தது. அதனால்தான் வேண்டாம் என்றேன். இதையும் சொல்லிவிட்டேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன், அடிக்க வராதே. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய் எங்களுக்கு மரண ஆய்வுக் கூட்டம். உயிரோடு இருந்தபோது டாக்டர் என்ன நோய் என்று நினைத்தார், திறந்து பார்த்தபோது என்ன இருந்தது என்று இரண்டையும் ஒப்பிட்டுத் தவறு இருந்தால் பதிவு செய்வார்கள். ஏப்ரல் ஏழு அவருடைய முறை. அவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு போடவில்லை, கேஸ் ஷீட் கிடையாது, எல்லாம் போனில், சாப்பாட்டு மேஜையில். அதனால் முன்பு யாரும் பார்க்கவில்லை என்றுதான் பதிவாகும், தவறு என்று வராது. பெரிய டாக்டரின் இடம் எனக்கு என்று பேசிக்கொள்கிறார்கள். நீ எதுவும் எழுதிக் கொடுக்காதே. முப்பது வருடப் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே. உன் காலில் விழுகிறேன்.

நெட்டை


மார்ச் 30

டாக்டருக்கு,

உன் நாலு பக்கத்தையும் படித்தேன். அழுதேன், தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன், பிறகு கூட்டிப் பெருக்கினேன்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கல் என்ற வார்த்தையை முதலில் சொன்னவள் நான்தான். அவருக்கு என்ன செய்கிறது என்று நீ அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டாய், நானும் பெரிய இவள் மாதிரி அவருக்குப் பதிலாகச் சொன்னேன். "டாக்டரே நம்ம வீட்டு ஆளு, ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரிசையில நிக்கணும்" என்று அவரைத் தடுத்தவளும் நான்தான். வெள்ளிக்கிழமை அவர் கிளம்புகிறேன் என்று சட்டையை மாட்டினார். நான் கழற்றச் சொன்னேன். அது என்னோடு சாகிற வரைக்கும் இருக்கும். உன்னை மட்டும் திட்டித் தப்பித்துக்கொள்கிறவள் இல்லை நான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் கடைக்குப் பதினைந்து வருடமாக வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தியும் புதிதாக அளவு கொடுக்காமல் என் கடையை விட்டுப் போனதில்லை. "போன தடவை அளவுலயே தைங்கக்கா" என்பார்கள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுவேன். உடம்பு நேற்று இருந்த மாதிரி இன்று இருக்காது. ஒரு சட்டைக்கே நான் இப்படி. நீ ஐந்து வருடத்துக்கு முந்தைய அளவை வைத்து என் புருஷனை வெட்டினாய்.

இதைக்கூட விட்டுவிடலாம். கூச்சம் என்றாயே, அது எனக்குப் புரிந்தது. நீ அவர் சட்டையைத் தூக்கியிருந்தால் நானே கதவோரம் நின்று சிரித்திருப்பேன். அந்தக் கூச்சத்தை நான் மன்னித்துவிட்டிருப்பேன், சத்தியமாக.

போன புதன்கிழமை நகல் கிடைத்தது. எனக்கு என்ன புரியும்? அந்தச் சின்ன டாக்டரைத் தேடிப் பிடித்தேன். தன் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "அவருக்குக் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். இது குடும்பத்தில் வருகிற நோயாம். அண்ணன் தம்பிகளுக்கு உடனே ஸ்கேன் செய்யச் சொல்லி அழுத்தமாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் பிப்ரவரி இருபத்தேழிலிருந்து உன் பையில் இருந்தது.

என் கொழுந்தனை உனக்குத் தெரியாதா? மரச்சாமான் கடையில் பீரோ தூக்குகிறவர். இருபத்தாறு நாள், டாக்டர். நீ எனக்குத் தூக்க மாத்திரை அனுப்பிக்கொண்டிருந்த இருபத்தாறு நாளும் அவர் பீரோவையும் கட்டிலையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தேன். ஆறு சென்டிமீட்டர். ஸ்கேன் எடுத்தவர் அவரை எழுந்து நடக்கவே விடவில்லை, தள்ளு வண்டியில்தான் கொண்டுபோனார்கள். நாளை மறுநாள் ஆபரேஷன். உப்பிய இடத்தில் ஒரு துணிக் குழாயை வைத்துத் தைத்துவிடுவார்களாம். துணிதானாம். தைப்பதுதானாம். அறுவை சிகிச்சை டாக்டர் கையில் எடுத்துக் காட்டினார், நான் தொட்டுப் பார்த்தேன், நல்ல நெருக்கமான நெசவு. என் புருஷனுக்குத் தேவைப்பட்டது ஒரு சாண் துணி.

உன் நாலு பக்கத்தில் உன் பதவி இருந்தது. ஜூன் மாதம் இருந்தது. என் கொழுந்தன் இல்லை. ஒரு வரி போதுமே, "தம்பியை ஸ்கேன் பண்ணு" என்று? அதை எழுதக்கூடவா உனக்குக் கை வரவில்லை?

எனக்குக் கோர்ட்டு வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம். ஏப்ரல் ஏழு அன்று கூட்டத்தில் நீயாக எழுந்து, "இவரை நான்தான் பார்த்தேன், கல் என்று நினைத்தேன், வயிற்றைத் தொடவில்லை" என்று சொல். பதிவேட்டில் அப்படியே எழுதட்டும். நாளைக்கு வேறு ஒரு டாக்டர் தன் சிநேகிதி புருஷனைப் பார்க்கப் போகும்போது அவளுக்கு அது ஞாபகம் வரட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். சொல்லிவிட்டால் வா. நான் சமைத்து வைக்கிறேன்.

வாயாடி


ஏப்ரல் 8

வாயாடி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு முறை அந்த வார்டு வரைக்கும் வந்தேன். நீ கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எதையோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாய். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ரிப்போர்ட்டின் அந்தக் கடைசி வரியை நான் படிக்காமல் இல்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாய், ரிப்போர்ட்டைக் காட்டு என்பாய் என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம், வேறு ஏதாவது காரணம் சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டேன். இதற்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியும்.

நேற்றுக் கூட்டம். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கோட்டுப் பையில்தான் இருந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அந்தச் சின்ன டாக்டர்தான் அவரைப் பற்றிப் பேசினாள். திரையில் அந்த ரத்தக்குழாயின் படத்தைக் காட்டினார்கள். பெரிய டாக்டர், "நாலு நாள் வலி இருந்திருக்கு. முன்னாடி யாராவது பாத்திருக்காங்களா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். உன்னோடு உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் படித்தவள், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். "கேஸ் ஷீட் எதுவும் இல்ல சார்" என்றாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள். அறையில் நாற்பது பேர். நான் எழுந்திருக்கவில்லை. "பாவம், யாருகிட்டயும் காட்டல போல" என்று யாரோ சொன்னார்கள். படம் மாறியது. அடுத்த கேஸ் வந்தது. பிறகு தேநீர் வந்தது, குடித்தேன்.

எழுந்து சொல்லிவிட்டேன் என்று உனக்குப் பொய் எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உனக்கு இன்னொரு பொய் எழுத முடியவில்லை. அது மட்டும்தான் என்னிடம் மிச்சம்.

என்னை மன்னித்துவிடு. பேச வேண்டாம், திட்டு. ஒரு முறை வீட்டுக்கு வர விடு.

நெட்டை


ஏப்ரல் 13

டாக்டர் அம்மாவுக்கு,

கொழுந்தன் நேற்று வார்டுக்குள் பத்தடி நடந்தார். பசிக்கிறது என்று கேட்டார். அந்தச் சின்ன டாக்டர் தினமும் வந்து பார்க்கிறாள். வந்ததும் முதல் வேலையாகச் சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றில் கை வைக்கிறாள். அவருக்குக் கூச்சம், எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று அழுதேன்.

நீ பொய் எழுதாததற்கு நன்றி. உண்மையைத்தான் சொல்கிறேன், குத்திக் காட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது உன்மேல் இருந்த கோபம் பாதி வடிந்துவிட்டது. நாற்பது பேர் நடுவில் எழுந்து நிற்க எனக்கும்தான் தைரியம் வராது. வா என்று எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. "பாவம், யாருகிட்டயும் காட்டல போல." அவர் காட்டினார், டாக்டர். தனக்குத் தெரிந்ததிலேயே கெட்டிக்கார டாக்டரிடம் காட்டினார். செத்துப்போனவர்மேல் அந்தப் பழியைப் போட்டுவிட்டு நீங்கள் நாற்பது பேரும் தேநீர் குடித்தீர்கள். அதை நான் விட மாட்டேன்.

கேஸ் ஷீட் இல்லை என்கிறீர்கள். இருக்கிறது. மார்ச் இருபதாம் தேதி, உன் கையெழுத்தில். என்ன நோய் என்று நினைத்தாய், எந்த மாத்திரை சொன்னாய், எந்த நாள் என்ன பார்த்தாய், எதைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை, எல்லாம் தேதி கிழமையோடு இருக்கிறது. இதைவிட ஒழுங்கான கேஸ் ஷீட்டை உன் சர்வீஸில் நீ எழுதியிருக்க மாட்டாய். இன்று காலை அதைக் கூட்டத்துச் செயலரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிட்டேன். கூச்சம் என்று எழுதிய இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். உன் மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும். அசலையே கொடுத்துவிட்டேன், எனக்கு நகல் வேண்டாம். எல்லா வரியும் மனப்பாடம்.

நாலாவது பக்கத்தில் பதவியைப் பற்றியும் என் காலில் விழுவதைப் பற்றியும் எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை மட்டும் கத்திரித்து எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அது நோயாளியைப் பற்றியது இல்லை, எனக்கு எழுதியது. வேறு யாரும் அதைப் படிக்க வேண்டாம். இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், நீயே வைத்துக்கொள்.

மே ஐந்தாம் தேதி அவர் கேஸை மறுபடியும் எடுக்கிறார்களாம். உன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எழுந்து நின்று பதில் சொல். அதற்கு முன்னால் உன்னிடமிருந்து வருகிற எந்தக் கடிதத்தையும் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மனைவி